இரண்டாவது பந்தின் பேலன்ஸ்

கிருபாவின் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைச் சுழற்றித்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடத் தண்ணீர் டம்ளரை இலை ஓரத்தில் ஒரு சுற்று விட்டு, எந்தப் பக்கம் கனம் என்று கண்டுகொண்டுதான் குடிப்பாள். கெட்ட பழக்கம் என்று கட்டிய புருசன் எழில் திட்டுவான். அது பழக்கம் இல்லை, தொழில். தொழில் கையில் ஏறிவிட்டால் பந்தியென்றும் பட்டறையென்றும் அதற்குத் தெரியாது.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஈஸ்வரமூர்த்தியின் பம்பு பட்டறை இருந்தது. பம்புக்குள்ளே சுழலுகிற சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பேர். வார்ப்பிலிருந்து வரும்போது அது ஒரு பக்கம் கனத்தும் ஒரு பக்கம் இளைத்தும்தான் வரும். அப்படியே மாட்டினால் பம்பு உதறும், பேரிங் தேயும், வாங்கிப் போன விவசாயி வாசலில் வந்து நிற்பான். அதனால் ஒவ்வொரு சக்கரத்தையும் மிஷினில் ஏற்றிச் சுழற்றி, கனத்த பக்கத்தைக் கண்டுபிடித்து, குப்புறப் போட்டு, வெளியே தெரியாத முதுகுப் பக்கத்தில் சின்னச் சின்னத் துளையாகப் போட்டுக் கனத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் பேலன்ஸ் பண்ணுவது என்று சொல்வார்கள். அந்த வேலை கிருபாவினுடையது.

அவளுடைய அப்பன், இப்போது பட்டறை நிற்கிற அதே நிலத்தில் ஈஸ்வரமூர்த்தியின் அப்பாவுக்குப் பண்ணையம் பார்த்தவர். கிணறு வற்றிப் பருத்தி போய், பட்டறை வந்தது. சுத்தம் பண்ணுகிற வேலைக்கு வந்த கிருபா, மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எது உதறுகிறது என்று சொல்வதைக் கேட்டு முதலாளி அவளை மிஷினில் நிறுத்தினார். பிட்டர் நரசிம்மலுவுக்கு அது பொறுக்கவில்லை.

"பொம்பளைக்கு எதுக்குங்க மிஷினு? சீலை சிக்கிப்போச்சுன்னா நாமதான பதில் சொல்லோணும்?" என்றான்.

"சீலைக்கு மேல காக்கிச் சட்டை போட்டுக்குவா. சுத்தறது மிஷினு, கேக்கறது காது. காதுல என்னய்யா ஆம்பளைக் காது, பொம்பளைக் காது?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

அந்த ஒரு பேச்சுக்காக கிருபா அவருக்கு உயிரையே கொடுப்பாள். இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அவள் செய்ததைக் கேட்டு, சீ, இவ்வளவுதானா இவள் என்று தோன்றிவிடும்.

தொண்ணூற்றொன்பதாம் வருசம் மாசி மாதம் அந்தப் பந்துகள் வந்தன. ஈஸ்வரமூர்த்தியின் ஒரே மகள் நந்திதா அப்போது காலேஜில் கடைசி வருசம். கோயம்புத்தூரில் ஒரு கிளப்பில் பௌலிங் என்கிற விளையாட்டு வந்திருந்தது. எண்ணெய் தடவின நீளமான பலகைத் தரை, அந்தக் கோடியில் பத்துக் கட்டைகள் நிற்கும். இந்தக் கோடியிலிருந்து கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். நந்திதா அதில் கெட்டிக்காரி. கிளப்பின் பொதுப் பந்தையே உருட்டி எல்லாரையும் ஜெயித்துக்கொண்டிருந்தவளுக்கு, மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றதும், சிங்கப்பூரில் இருந்த அவள் மாமன் மூன்று பந்துகளை வாங்கி அனுப்பிவிட்டார். மூன்றிலும் துளை இல்லை. துளை என்பது விளையாடுகிறவரின் கைக்குத் தக்கபடி போட வேண்டியதாம்.

பெட்டியைப் பிரித்ததும் பட்டறையே கூடிவிட்டது.

"ஏனுங்க சின்னம்மணி, மாவாட்டற கல்லுங்களா? குழவியக் காணோம்?" என்று நரசிம்மலு ஆரம்பித்தான்.

"குழவி நீதானய்யா, உன்னையப் போட்டு ஆட்டறதுக்குத்தான் கல்லு வந்திருக்குது" என்று எழில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எழில் அந்தப் பட்டறையின் டெம்போவை ஓட்டுகிறவன்.

நந்திதா மட்டும் நேராக கிருபாவிடம் வந்தாள். "கிருபாக்கா, இதுல மூணு துளை போடோணும். கட்டை விரலுக்கு ஒண்ணு, நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் ஒவ்வொண்ணு. கோயம்புத்தூர்ல யாருக்கும் தெரியில. நீங்கதான் போட்டுக் குடுக்கோணும்."

"அய்யய்யோ, நானுங்களா? இதைத் தொட்டுப் பாக்கறதே இப்பத்தானுங்க அம்மணி."

"நீங்க ஒருக்கா சுத்திப் பாருங்க. பொறவு சொல்லுங்க."

கிருபா ஒரு கிண்ணத்தில் ரப்பர் டியூபை விரித்து, நீலப் பந்தை வைத்துச் சுழற்றிவிட்டாள். சுழல விட்ட கணத்தில் அவள் முகம் மாறியது. "இதுக்குள்ள ஏதோ இருக்குதுங்க. ஒரே மாதிரி சுத்தமாட்டேங்குது."

"அதேதான்!" என்று நந்திதா குதித்தாள். பந்துக்குள்ளே ஒரு கனமான கட்டி இருக்கிறது. அந்தக் கட்டியின் உச்சி எங்கே என்று காட்டத்தான் பந்தின்மேல் ஒரு நிறப்புள்ளி. நரசிம்மலு அதைப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரனே பஞ்ச் அடிச்சுக் குடுத்துட்டான். இதுலயே துளையப் போட்டுட்டுப் போவியா, யோசனை பண்ணிட்டிருக்கற" என்றான். பட்டறையில் புள்ளி என்றால் துளை போடும் இடம்தானே. நல்லவேளை, அவன் கையில் டிரில் இல்லை.

புள்ளி துளை போடுகிற இடம் இல்லை; புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளித் துளை போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நந்திதா அதை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து விளக்கினாள். அவள் கையை விட்டுப் போகும் பந்து ஒரு அச்சில் சுழலும். அந்த அச்சு பந்தின் மேல்தோலில் எங்கே வருகிறது என்பது அவரவர் கைப்பழக்கம். அவள் வெள்ளை டேப் ஒட்டி உருட்டி உருட்டித் தன்னுடையதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த அச்சும் புள்ளியும் ஒரே இடத்தில் விழுகிற மாதிரித் துளை போட்டால் பந்து ஆடாது. தரையில் இருக்கும் எண்ணெயிலேயே வழுக்கிக்கொண்டு நேரே போய்விடும். அச்சைவிட்டுப் புள்ளி தள்ளி நின்றால் பந்து உள்ளுக்குள் உதறும். உதறும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய தோல் தரையில் படும். எண்ணெய் படாத தோல் தரையைப் பிடிக்கும். பிடித்ததும் பந்து வளைந்து உள்ளே பாயும்.

"உதறுனாத்தான் நல்லதுங்களா?" கிருபாவால் நம்ப முடியவில்லை. வாழ்நாள் முழுக்க உதறலைக் கொன்றுகொண்டிருந்தவளுக்கு அது காதில் ஏறுமா?

"பத்துக் கட்டையும் நிக்கறப்ப நேராப் போனா ரெண்டு ஓரமும் நின்னுக்கும் அக்கா. வளைஞ்சு உள்ள போனாத்தான் மொத்தமும் சாயும். ஒத்தைக் கட்டை மிச்சம் நின்னா, அதை அடிக்க நேராப் போறது வேணும். அதுக்குத்தான் மூணு."

அப்படித்தான் முடிவானது. சிவப்புப் பந்து நேராகப் போவது. நீலப் பந்து மெதுவாக வளைவது. தரை காய்ந்துபோயிருந்தால் அதுதான் ஆட்டத்தைத் தாங்கும். கறுப்புப் பந்து கடைசியில் பட்டென்று திரும்புவது. எண்ணெய் அதிகமான தரைக்கு அது. சென்னையில் தரை எப்படி இருக்கும் என்று போனால்தான் தெரியும் என்பதால் இரண்டும் வேண்டும்.

ஒரு பம்பு மூடியைக் குப்புறப் போட்டுப் பந்தை உட்கார வைக்க இருக்கை செய்தார்கள். நந்திதாவின் விரல் ஒவ்வொன்றையும் கிருபா நூல் சுற்றி அளந்தாள். சிவப்புப் பந்துக்கு மூன்று துளை போட்டு, உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தாள். கிளப்பிலிருந்து திரும்பி வந்த நந்திதா வண்டியிலிருந்து இறங்குவதற்குள்ளேயே கத்தினாள். "அக்கா, நூல் பிடிச்ச மாதிரி போகுது!" கிருபாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் நீலப் பந்தின் மேல் நந்திதா பென்சிலால் குறி வைத்துக் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனாள். அவள் போன பிறகு ஈஸ்வரமூர்த்தி கிருபாவைப் பம்பு சோதிக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஈரோட்டுல இருந்து ஒரு இடம் வந்திருக்குது கிருபா. மஞ்ச மண்டி வெச்சிருக்கறவிய. நல்ல குடும்பம். அவியளுக்கு நந்திதாவப் புடிச்சிருக்குது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. பொண்ணு பந்து உருட்டறேன்னு ஊர் ஊராப் போகுமான்னு."

"அம்மணிகிட்டச் சொன்னீங்களா?"

"நான் என்னைக்கு அவளுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கறேன்? வாயே வரமாட்டேங்குது. நான் வேண்டாம்னு சொன்னா அழுவா. அந்தப் பந்தே சொல்லிப்போட்டா அழமாட்டா. சரி, நமக்கு இவ்வளவுதான்னு வந்துருவா."

கிருபாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "பந்து என்னத்தங்க சொல்லும்?"

"மிச்சம் ரெண்டையும் பேலன்ஸ் பண்ணிப்போடு. அவ்வளவுதான். நீ எங்கியும் போயி ஒண்ணும் தப்புப் பண்ண வேண்டாம். தெனமும் செய்யற வேலையச் செய். நல்லாவே செய்."

அவள் திரும்பித் தன் மிஷினைப் பார்த்தாள்.  "உன்னைய நான் எப்பவாவது எதையாவது கேட்டிருக்கறனா?" என்றார்.

கேட்டதில்லைதான். அதுதான் கஷ்டம். அதட்டியிருந்தால் அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தன் இஷ்டப்படி செய்திருப்பாள். இப்படிக் கெஞ்சுகிற மனுசனை என்ன செய்வது?

சாயங்காலம், அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக் குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது எழிலிடம் சொன்னாள்.

"இதுல என்ன யோசனை? பேலன்ஸ் பண்ணுன்னாரு, பண்ணு. அதுதான உன்ற வேலை?"

"அம்மணி வளையறதுதான கேட்டுது?"

"அம்மணியா உனக்கு மிஷினு குடுத்துது? அப்பனும் மகளும் நாளைக்கு ஒண்ணாயிருவாங்க, நடுவுல நிக்கறவந்தான் நசுங்கறது. சும்மா இரு" என்றவன், குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டு, "நேராப் போற பந்துல என்ன பாவம் இருக்குது?" என்று கேட்டான்.

 அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே மறுநாள் மிஷினுக்குப் போனாள்.

பென்சில் குறியைத் துணியால் துடைத்தாள். இரண்டு விரற்கடை நகர்த்தி வேறு குறி வைத்தாள். பார்த்தால் தெரியாது, அந்த இரண்டு விரற்கடையில் அச்சு புள்ளியை நெருங்கிவிடும். அதோடு விட்டிருந்தாலும் பந்து கொஞ்சம் வளைந்திருக்கும். மோதிர விரல் துளையை வேண்டிய ஆழத்துக்கு மேலும் இறக்கி, உள்ளே இருக்கும் கட்டியின் கனத்த ஓரத்தையும் எடுத்தாள். இம்பெல்லரின் முதுகில் எடுக்கிற மாதிரியே, வெளியே தெரியாத இடத்தில். கிண்ணத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்தாள். உதறல் அநேகமாகப் போய்விட்டது. அவள் கை செய்ததிலேயே சுத்தமான வேலைகளில் அது ஒன்று. முதல் பந்துக்குக் கத்திக்கொண்டு வந்த பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. பந்தைப் பையில் போட்டு மூடினாள்.

கிருபா செய்தது தப்பு. சோற்றுக்கு இருக்கிறவள் வேறென்ன செய்வாள் என்று பரிந்துபேச நாலு பேர் வரலாம். வரட்டும். தப்பு தப்புதான்.

அதன்பிறகு நந்திதா கத்திக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் கழித்து வந்து, பந்து நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கும் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கிருபா வெளியே வந்தபோது நந்திதாவின் ஸ்கூட்டி வாசலில் நின்றது.

"கிருபாக்கா, கிளப்புக்கு வாங்க. நான் போடறதைப் பாருங்க. என்ற கையில என்ன தப்புன்னு நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு என்னுங்க அம்மணி தெரியும்?"

"சுத்தறதைப் பாத்து எல்லாமே சொல்லுவீங்கல்ல? ஏறுங்க."

கிளப்புக்குள் குளிர் அடித்தது. சர்ச்சுக்குக் கட்டின பட்டுச் சேலையோடு கிருபா பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நந்திதா நீலப் பந்தை எடுத்தாள். நாலு எட்டு வைத்துக் குனிந்து விட்டாள். பந்து ஓரமாகப் போனது, வளைய வேண்டிய இடம் வந்தது, வளையவில்லை. ஓரத்துக் கட்டைகளை மட்டும் சாய்த்துவிட்டுக் குழிக்குள் விழுந்தது. மறுபடி விட்டாள், இன்னும் கையைத் திருகி. மறுபடியும் அதே. ஒவ்வொரு தடவை பந்து திரும்பி வரும்போதும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுமுங்க அம்மணி, கை வீங்கியிருக்குது."

"மெதுவாவாச்சும் வளையோணும் அக்கா. மாமா போன்ல சொன்னாரு, இந்தப் பந்து கொழந்தை உருட்டுனாக்கூட வளையுமாம். அப்ப என்ற கைதான். பொதுப் பந்துல எப்புடியோ ஜெயிச்சிருக்கறேன், அவ்வளவுதான். எனக்கு நெசமா விளையாடத் தெரியில."

திரும்பி வந்த பந்தை கிருபா கையில் வாங்கினாள். நீலத் தோலில் எண்ணெய்க் கோடுகள் தெரிந்தன. உதறுகிற பந்தாக இருந்தால் வளையல் அடுக்கின மாதிரி தள்ளித் தள்ளிக் கோடுகள் இருக்க வேண்டும். இதில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன, ஒரே பட்டையாக. அவளுடைய வேலைதான் அது. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள்!

நந்திதா நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். அழவில்லை. அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது. "கறுப்புப் பந்தையும் நேராப் போறதாவே போட்டுருங்க அக்கா. வளைக்கறதுக்கு என்ற கைக்குத் தெம்பு இல்ல. சென்னைக்குச் சும்மா போயிட்டு வாரேன், வரச் சொன்னாங்கல்ல, அதுக்காக."

 முதலாளி கேட்டதையே இப்போது மகளும் கேட்கிறாள். இனி அவள் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்துவிடும். ஈரோட்டு இடம் அமையும், எழில் டெம்போ ஓட்டுவான், அவள் மிஷினில் நிற்பாள், இந்தப் பெண் ஆயுசுக்கும் தன் கை உதவாத கை என்று நினைத்துக்கொண்டு இருக்கும்.

"கையில ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"சமாதானம் சொல்லாதீங்க அக்கா."

"சமாதானமில்லீங்க. பந்துல. நான் குறியத் தொடைச்சுட்டு வேற எடத்துல போட்டேன். மோதர வெரல் துளைய ஆழமா எறக்கி உள்ள இருந்த கனத்தையும் எடுத்துப்போட்டேன். குச்சிய உட்டு அளந்து பாருங்க. இது வளையாதுங்க. யாரு போட்டாலும் வளையாது."

 நந்திதா மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு அளந்தாள். மோதிர விரல் துளையில் பென்சில் போய்க்கொண்டே இருந்தது.

"எதுக்கு?"

கிருபா பென்சிலை உருவி மேஜைமேல் வைத்தாள்.

"தெரியாமப் பண்ணுனீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க."

"யாரு சொல்லி?"

 கேட்டதுமே நந்திதாவுக்கு விளங்கிவிட்டது. பட்டறையில் கிருபாவுக்கு உத்தரவு போடுகிறவர் ஒருத்தர்தானே.  "மூணு வாரம்" என்றாள். "மூணு வாரமா இந்தக் கைய நான் திட்டிட்டிருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள்.  ஸ்கூட்டியில் திரும்பி வந்து கிருபாவை லைன் வீட்டு முனையில் இறக்கிவிட்டு, "நாளைக்குக் காலைல வாரேன். கறுப்புப் பந்துக்கு மார்க் நான் வெப்பேன், நீங்க மிஷின் ஓட்டுனாப் போதும்" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

திங்கட்கிழமை காலை. நந்திதா பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணைப் போல அளவுகோலும் நூலும் வைத்து அளந்து, கறுப்புப் பந்தில் மூன்று குறி வைத்தாள். புள்ளி அச்சைவிட்டு நன்றாகத் தள்ளி நின்றது. அவள் கேட்டதிலேயே கடுமையான வளைவு. கிருபா பந்தை இருக்கையில் இறுக்கினாள். துளையின் ஆழத்துக்கு டிரில்லில் டேப் சுற்ற வேண்டும், அதையும் நந்திதாவே அளந்து சுற்றினாள். இத்தனை வருசத்தில் கிருபாவின் வேலையை யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை. அவள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்துக்கு ஈஸ்வரமூர்த்தி உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், குறியைப் பார்த்தார். பம்பு செய்கிறவருக்குக் குறி எங்கே நிற்கிறது என்று தெரியாதா?

நந்திதா அவரிடம் திரும்பினாள். "ஏனுங்கப்பா, இந்தப் பந்து நேராப் போகட்டுங்களா, வளையட்டுங்களா?"

"எனக்கென்ன கண்ணு தெரியும், உன்ற..."

"என்ற இஷ்டம்னு சொல்லாதீங்கப்பா. நீங்க சொல்லுங்க. கிருபா வாயில சொல்லாதீங்க, பந்து வாயில சொல்லாதீங்க. உங்க வாயில சொல்லுங்க."

மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நரசிம்மலு உட்பட எல்லார் கையும் நின்றுவிட்டது. ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். அந்த மனுசனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. பெற்ற மகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். நல்லதை நேராகச் செய்யத் தைரியம் இல்லை.

"வேண்டாம் கண்ணு" என்றார் கடைசியில். "போக வேண்டாம்."

அவர் பயந்த மாதிரி நந்திதா அழவில்லை. பெருமூச்சு விட்டாள், முதுகுச் சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி. "சரிங்கப்பா. நான் போறேன். இனி நம்ம ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலாம், ஊட்டுல போயி." பிறகு கிருபாவிடம், "ஓட்டுங்க" என்றாள்.

"கிருபா, மிஷினை நிறுத்து" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

கிருபா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குறியை மட்டும் பார்த்தாள். டிரில்லைக் கீழே இறக்கினாள். கறுப்புச் சுருள் சுருளாகத் தூள் எழும்பி, அவள் கையிலும் காக்கிச் சட்டையிலும் ஒட்டியது. டேப் வரைக்கும் இறக்கி, வெளியே எடுத்து, பந்தைத் திருப்பி, இரண்டாவது குறிக்கு வைத்தாள்.

அவள் இரண்டாவதை முடிக்கும்வரை ஈஸ்வரமூர்த்தி நின்றார். பிறகு சத்தம் போடாமல், பட்டறை நடப்பைச் சொல்கிற குரலில் சொன்னார்: "முடிச்சுட்டு எழில்கிட்ட டெம்போச் சாவிய வாங்கி ஆபீசுல வெச்சுரு. பேலன்சிங்கை நரசிம்மலு பாத்துக்குவான்."

சாவி கேட்டதும் எழில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டான். "என்னடி பண்ணுன?"

"அம்மணி கேட்டதைப் பண்ணுனேன்."

"நான் என்ன சொன்னேன் உன்கிட்ட? நடுவுல நிக்காதேன்னு சொன்னனா இல்லியா?" அவன் கத்தினான். பட்டறை முழுக்கக் கேட்டது. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே அவன் பிழைப்பு போய்விட்டது. கிருபா சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கொடுத்தான். அதன்பிறகு ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்னையில் நந்திதாவை எடுக்கவில்லை. இதை மறைத்து, எடுத்தார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எடுக்கவில்லை. முதல் நாள் தரையில் எண்ணெய் இருந்தது. கறுப்புப் பந்து கூடியிருந்தவர்கள் வாய் பிளக்கிற மாதிரி திரும்பியதாம். இரண்டாம் நாள் தரை காய்ந்துவிட்டது. அந்தத் தரையில் கறுப்பு தாறுமாறாக வளைந்தது, சிவப்பு வளையவே இல்லை. மெதுவாக வளைய வேண்டிய நீலப் பந்து பையில் சும்மா கிடந்தது. கிருபா கெடுத்த பந்து.

ஈரோட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவும் மகளும் அந்த வருசம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று பட்டறை ஆட்கள் சொன்னார்கள். ஆனால் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டுதான் போட்டார்கள் என்றும் சொன்னார்கள். எழில் வாடகை லாரிக்குப் போனான். கிருபாவைக் கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன மோட்டார் பட்டறையில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

அந்த வருசச் சித்திரை முடிகிற சமயத்தில் ஒரு நாள் அந்தப் பட்டறை வாசலில் நந்திதா வந்து நின்றாள். கையில் நீலப் பந்து. உள்ளே வந்து, கிருபாவின் மேஜைமேல் அதை வைத்தாள்.

"பழைய துளைய ரெசின் ஊத்தி அடைச்சுட்டு மறுக்காத் துளை போடலாம்னு மாமா சொன்னாரு. முடியுமா?"

கிருபா விரலை விட்டு உள்ளே தடவிப் பார்த்தாள். "அடைக்கலாமுங்க. ஆனா எடுத்த கனத்தை அப்பிடியே திருப்பி வெக்க முடியாதுங்க. முழுசா முன்ன மாதிரி வராது."

"எவ்வளவு வரும்?"

"தெரியிலீங்க அம்மணி. போட்டு உருட்டுனாத்தான் தெரியும். மிஷினும் நம்முளுது இல்ல, இவியளைக் கேக்கோணும்."

"கேளுங்க."

கிருபா கேட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் வேலை முடிந்த பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பந்தை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தவள், பென்சிலை மட்டும் தொடாமல் நந்திதாவின் பக்கம் தள்ளினாள்.

"குறிய நீங்களே வெச்சுருங்க அம்மணி."

"நாந்தான் வெப்பேன்" என்று நந்திதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.